முகம் பார்த்த காலம்

2064 மார்ச் 11, காலை 6.40. என் மருமகள் யாழ்நிலா வலப்பக்க அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் முறை வாந்தியெடுத்தாள். அவள் மணிக்கட்டிலிருந்த வலிமானி, "வழக்கமான மாதவலி; ஓய்வு போதும்" என்றது. மாதந்தோறும் அது கேட்கையில் "ஒண்ணுமில்ல" என்றே சொல்லிப் பழக்கியவள் அவள்தான்.

"இப்ப எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல அத்தை, விட்டு விட்டு வருது."

"எங்கிட்டயுமா? படு."

நான் மருத்துவராயிருந்த நாள்களில், பெண்கள் வார்டில் எல்லோரும் "ஒண்ணுமில்ல டாக்டரம்மா" என்பார்கள். நாங்கள் வயிற்றில் கைவைத்து முகத்தைப் பார்ப்போம். இருபதாண்டுகளுக்குப் பின் என் கை தானே அந்த இடத்தைத் தேடிச் சென்றது. அழுத்தியதும் அவள் முகம் சுருங்கியது.

"சினைப்பை முறுக்கிக்கிட்டிருக்கும். ரத்தம் போகலைன்னா அழுகிடும். கிளம்பு."

ஒன்பது மணிக்கு அறுவை அரங்கில் முறுக்கை அவிழ்த்தார்கள். கறுத்திருந்த சினைப்பை மெல்லச் சிவந்தது. அதை அகற்றுவதில்லை என்று முடிவாயிற்று.