வயிற்றுப் பொருமல்

“டாக்டர், ராத்திரி சாப்பிட்டு எழுந்தா இவருக்கு வயிறு கல்லு மாதிரி ஆயிடுது. படுக்க முடியல. பருப்ப நிறுத்திட்டேன், மொச்சைய நிறுத்திட்டேன், பாலையும் நிறுத்திட்டேன். ஒண்ணுத்துக்கும் கேக்கல லா!”

பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கில் சீதாலெட்சுமி மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். பக்கத்தில் அவள் கணவர், ரயில்வே கிளார்க் பழனியப்பன், சட்டையின் கடைசிப் பொத்தானை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“இவ சமையல்ல எண்ணெய் ஜாஸ்தி, டாக்டர்.”

“முப்பது வருஷமா இல்லாத எண்ணெய் இப்ப எங்கேர்ந்து வந்துச்சாம்?”

டாக்டர் கனகலிங்கம் அவளை வெளியே அனுப்பிவிட்டுப் பழனியப்பனைப் பரிசோதித்தார். பத்து நிமிடம் கழித்துப் பழனியப்பன் வெளியே போனதும், சீதாலெட்சுமி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

“என்னா டாக்டர், அல்சரா? பித்தப்பையில கல்லா?”

“அதெல்லாம் இல்லம்மா. மாத்திரை எழுதியிருக்கேன்.”

அவள் போகவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“எனக்கும் அதே கோளாறுதான். மத்தியானம் சாப்பிட்டா உப்பிக்கிட்டு வலிக்குது.”

“தினமுமா?”

“செவ்வாயும் வியாழனும் மட்டும்.”

டாக்டர் பேனாவை வைத்தார். “வயிறு கிழமை பாத்து வலிக்காதேம்மா.”

அவள் கண்கள் கலங்கின.

“எங்க மக சந்திரகலா சீனப் பையனைக் கட்டிக்கிட்டுப் போனப்போ, இனி அவ வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு இவர் கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணாரு. என்னையும் பண்ண வச்சாரு. இப்ப பேத்தி பொறந்திருக்கா. மனசு கேக்குமா? மினி பஸ் ஏறி செராஸுல இருக்கிற மக வீட்டுக்குப் போயிடறேன். அவ வயிறு முட்டப் போடுறா. ஒரு மணிக்கு இவர் வீட்டுக்குச் சாப்பிட வருவாரு. கூட உக்காந்து சாப்பிடலன்னா சந்தேகப்படுவாரு. அதனால மறுபடியும் சாப்பிடறேன்.”

“மக அவர்கிட்ட சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க?”

“அப்பாகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அவகிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கேன். இவர் ரொம்ப வைராக்கியம், டாக்டர். தெரிஞ்சா தாங்க மாட்டாரு.”

டாக்டர் மறுபடியும் பேனாவை எடுத்தார்.

“நான் சொல்ல மாட்டேன். ஆனா இந்த வலி மாத்திரைக்கு அடங்காது. இனிமே சனிக்கிழமை மட்டும் போங்க. ஒரு மணிக்கு. அங்கேயே நிதானமா சாப்பிடுங்க. வீட்டுல சாப்பிட வேணாம்.”

“சனிக்கிழமை இவருக்கு அரை நாள் வேலைதானே...” என்று இழுத்தவள், சட்டென்று முகம் மலர்ந்தாள். “இல்ல, இல்ல! இனிமே சனிக்கிழமை மத்தியானம் கோயில் கமிட்டி மீட்டிங்காம். இப்பத்தான் வெளியே சொன்னாரு. சாமியே வழி விட்டிருக்கு, டாக்டர்!”

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். டாக்டர் சிரித்துக்கொண்டே அடுத்தவரை அழைக்க மணியடித்தார்.

பத்து நிமிடத்துக்கு முன் அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் பழனியப்பன் கெஞ்சியிருந்தார்: “ஆபீஸ் விட்டதும் செராஸ் போய் பேத்தியோட ஒரு சாப்பாடு, வீட்டுக்கு வந்து இன்னொரு சாப்பாடு, எப்படி டாக்டர் தாங்கும்? நீங்க சொன்ன மாதிரி இனி சனிக்கிழமை ஒரு மணிக்கு மட்டும் போறேன், சம்சாரத்துகிட்ட கோயில் மீட்டிங்னு சொல்லிக்கிறேன். அவ ரொம்ப வைராக்கியக்காரி, தெரிஞ்சா என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டா!”