ஒரு தட்டு

2004 மார்ச் 9, இங்கிலாந்து. ஹார்ட்வெல் ராணுவ ஆய்வு நிலையத்தில், வீரர்கள்மீது நச்சுவாயுவைச் சோதித்த பழைய அறையை இடிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். பல ஆண்டுகளுக்கு முன் சோதனைக்கு வந்து இறந்த படைவீரன் டெரெக்கின் தங்கை மவ்ரீனும் வந்திருந்தார்.

“உங்க அண்ணன் இதுக்குள்ள போனதே இல்லை, மேடம்,” என்றார் பாதுகாப்பு அமைச்சக அதிகாரி பெல்லமி.

“அப்போ என்கூட வந்தது யாரு சார்? சளி மருந்து சோதனைன்னீங்க, லீவுக்கு ஆசைப்பட்டு ரெண்டு பேரும் வந்தோம்,” என்றார் டெரெக்கின் தோழர் நார்மன்.

சோதனை நடந்த நாட்களில், வெளியிலிருந்து கதவைத் தட்டினால், உள்ளிருப்பவர் நலமென்றால் இருமுறை, முடியவில்லையென்றால் ஒருமுறை பதிலுக்குத் தட்டுவது அங்கே வழக்கம். நார்மன் பழக்கத்தில் கதவைத் தட்டினார்.

உள்ளிருந்து ஒரு தட்டு வந்தது.

திறந்தார்கள். யாரும் இல்லை. பெல்லமி இடிப்பை நிறுத்தினார். டெரெக் உள்ளே போனது உண்மை, வெளியே வந்ததற்குச் சான்று இல்லை என்று மாலையில் அமைச்சகம் அறிவித்தது.