மயிலம்மாள் கொடுத்த பிட்டு

மயிலம்மாள் மிளகு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

இன்று பரீட்சை, சத்தம் கூடாது என்று மகள் சுசித்ரா சொல்லியிருந்தாள். வீட்டில் சிக்னல் இல்லாததால் மலைமேல் சோளக்காடு ஊரில் இருந்த தங்கள் மிளகுக் கடைக்குள்ளேயே லேப்டாப்பைத் திறந்திருந்தாள். திரையில் தாடி வைத்த ஒரு ஸ்பெயின்காரர்.

போன பரீட்சையில் தோற்று மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்த பெண். இதிலாவது தேற வேண்டும்.

காலையிலேயே சுசித்ரா விஷயத்தைச் சொல்லிவிட்டாள், ஆங்கிலச் சொல்லுக்கு ஸ்பானிஷில் பதில் சொல்லும் பரீட்சை என்று. ஆங்கிலத்தில் 'வின்னோ' என்று ஒரு சொல். அதிகம் பேர் புழங்காதது. காற்றில் தூற்றினாலும் வின்னோ, முறத்தில் புடைத்தாலும் வின்னோ, நூறு பேரில் நாலு பேரைப் பொறுக்கி எடுத்தாலும் வின்னோ. ஸ்பானிஷில் அந்தக் கதை நடக்காது. தூற்றுவதற்கு 'அபென்தார்'. சலிப்பதற்கும் ஆளைப் பொறுக்குவதற்கும் 'கிரிபார்'.

இத்தனை வேலைக்கும் ஒரே சொல்லா, வெள்ளைக்காரன் அவ்வளவு கஞ்சனா என்று மயிலம்மாள் சிரித்தாள். ஆனாலும் ஸ்பானிஷ் சொல் இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டாள். இந்த மலையில் வேறு எவள் வாயில் வரும் அது?

இப்போது 'வின்னோ' காதில் விழுந்தது. தாடிக்காரர் வெறித்துப் பார்த்தார். சுசித்ரா வாயைத் திறக்கவில்லை.

மயிலம்மாள் திரையை எட்டிப் பார்த்தாள். பாவி மகள், மறந்துவிட்டாளே! வாய்விட்டுச் சொன்னால் மாட்டிக்கொள்வோம்.

திரையின் மூலையில் மகள் முகமும் அவளுக்குப் பின்னால் கடை வாசலும் தெரிந்தன. அங்கே நின்றால் மகள் கண்ணில் படும்.

போய் நின்றாள். முறத்தைத் தலைக்கு மேல் தூக்கி மிளகைக் காற்றில் சரித்தாள். சருகு பறந்தது. மிளகு சாக்கின்மேல் சடசடவென்று கொட்டியது.

தாடிக்காரர் துள்ளி எழுந்து கத்தினார், அபென்தார் என்று.

சுசித்ரா தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். எழுந்து வந்து அம்மாவைத் தோளோடு அணைத்துத் திரைமுன் நிறுத்தினாள். தாடிக்காரர் கும்பிட்டார்.

"பாஸ் ஆயிட்டியா கண்ணு?"

"பரீட்சை எனக்கில்லம்மா, அவருக்கு. அவருக்கு இங்கிலீசு சொல்லிக் குடுக்கற டீச்சரே நாந்தான். வேலை கெடச்சுப் பத்து நாளாச்சு, மொதச் சம்பளத்தோட சொல்லலாம்னு இருந்தேன். நீ அவருக்கில்ல பிட்டுக் குடுத்துட்ட!"

மயிலம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. மகளை ஒருமுறை பார்த்தாள், தாடிக்காரரை ஒருமுறை பார்த்தாள்.

பிறகு முறத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அடுத்த சொல்லை அவரே சொல்லட்டும்.