ரேடியோ பாடும்வரை

மாமியார் ரேடியோவைத் திருகினார். இரைச்சல் மட்டுமே வந்தது.

"இன்னும் மேலதான் இருக்கான்."

"இந்த இரைச்சல் எப்ப நிக்கும்னு இருக்கு அத்தை" என்றாள் மருமகள்.

அவள் கணவன் வானொலி நிலையத்தில் கோபுரம் ஏறி ஆன்டெனா பொருத்துகிறவன். ஆள் மேலே இருக்கும்போது கீழே யாராவது டிரான்ஸ்மிட்டரைப் போட்டுவிட்டால் உயிர் மிஞ்சாது. அதனால் அதை அணைத்து, சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஏறுவான். அவனே இறங்கி வந்து பூட்டைத் திறந்தால்தான் ரேடியோ பாடும்.

"தன் கல்யாணத்துக்கே லேட்டா வந்தவன், இறங்கவும் லேட்டாத்தான் செய்வான். பாட்டு கேட்டதும் தட்டைப் போடு. இப்ப போய் வேலையைப் பாரு."

அவள் சிரித்துக்கொண்டே துவைக்கப் போனாள். காலையில், "இந்த அழுக்குச் சட்டையோடயா போறீங்க? நாலு பேர் என்னைத்தான் பேசுவாங்க" என்று வாசலில் மறித்து, அவனைச் சட்டை மாற்ற வைத்திருந்தாள். கழற்றிப் போட்ட சட்டையை வாளியில் முக்கியபோது பையில் ஏதோ கனத்தது.

சாவி.

அவனிடம் இருந்தது இது ஒன்றுதான். இது இல்லாமல் பூட்டினால் திறக்க முடியாது. சின்ன வேலைதானே என்று பூட்டாமலே ஏறியிருப்பான். இன்று அந்த சுவிட்சை யார் வேண்டுமானாலும் போடலாம்.

உள்ளே ரேடியோ பாட ஆரம்பித்தது.

"இறங்கிட்டான்டி! தட்டைப் போடு!"

ஈரச் சாவியோடு நின்றவளுக்கு, அந்த இரைச்சலே திரும்பி வந்துவிடாதா என்று இருந்தது.