பச்சைப் பெட்டி

சித்தப்பாவின் போட்டோவை கிளி மறுபடியும் சிவப்புப் பெட்டியில் போட்டாள்.

"அய்யோ கண்ணு! சொல்லிச் சொல்லி என் தொண்டத் தண்ணியே வத்திப்போச்சு" என்று டீச்சர் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். "நல்லாப் பாரு. உன் சித்தப்பாதானே இது? பச்சையில போடணும்டா."

அந்தச் சிறப்புப் பள்ளியில் இது தினப்படிப் பாடம். வந்து கூப்பிட்டால் யார்கூடப் போகலாமோ அவர்கள் போட்டோ பச்சைப் பெட்டிக்கு. யார்கூடப் போகக்கூடாதோ அவர்கள் சிவப்புக்கு. அம்மா, பள்ளிக்கூட ஆயா, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரையும் கிளி பச்சையில் போட்டுவிடுவாள். பத்திரிகையிலிருந்து வெட்டிய முன்பின் தெரியாத மூஞ்சிகள் சிவப்புக்குப் போகும். எண் அட்டைகளை அடுக்கச் சொன்னால் ஐந்துக்கு அடுத்து ஏழு வைப்பாள். ஆள் விஷயத்தில் மட்டும் தப்பே வராது. சித்தப்பா ஒருத்தரைத் தவிர.

கிளி என்பது பள்ளிக்கூடத்தில் ஆசையாக வைத்த பேர். பதினாறு வயதாகியும் சொந்தமாக ஒரு வார்த்தை பேச மாட்டாள். தன்னிடம் யார் எதைச் சொன்னாலும், நாலு நாள் கழித்தாவது அதை அவர்கள் குரலிலேயே அச்சு அசலாகத் திருப்பிச் சொல்வாள். நல்ல வெயிலில், "யம்மாடி, மழை வருது, உள்ள ஓடு!" என்று கரகரப்பாக ஒரு கூச்சல் போடுவாள். போன வாரம் வாட்ச்மேன் சொன்னது. வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும்.

இப்போது சிரிக்கிற நிலைமை இல்லை. அம்மாவுக்கு வேலை நேரம் மாறியதிலிருந்து சாயங்காலம் சித்தப்பாதான் கூட்டிப்போக வருகிறார். பைக் சத்தம் கேட்டால் போதும், கிளி கேட் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறுகிறாள். அவரோ, பாவம், கோபமே படாமல் ஓரமாக நிற்பார். "பரவால்ல டீச்சர், குழந்தைதானே" என்று குழைவார்.

ஒருநாள் அம்மாவே மூச்சிரைக்க வந்துவிட்டாள்.

"நேத்தும் பாதி வேலைல ஓடியாந்தேன் டீச்சர். இன்னொரு தடவை போனா வேற ஆளைப் பாத்துக்கறோம்னு சூப்பர்வைசர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. இவ அப்பா போன பிறகு எங்களுக்குன்னு வீட்டுல இருக்கறது இவ சித்தப்பா ஒருத்தர்தான். எப்படியாவது பழக்கிவிடுங்க."

"நீங்க கவலைப்படாம போங்க. நானாச்சு."

கிளம்பும்போது அம்மா மகளின் சட்டைக் கையை இழுத்துவிட்டாள். முழங்கைக்குக் கீழே ஒரு சூட்டுக் காயம், இன்னும் சரியாக ஆறவில்லை. "நான் இல்லாத நேரத்துல அயர்ன் பண்றேன்னு சுட்டுக்கிட்டா. சித்தப்பாதான் மருந்து போட்டாராம்."

"அப்படியா? இங்க அயர்ன் கிளாஸ்ல இவ ரொம்ப உஷாராச்சே! நான் சொல்லாம பிளக்கைக்கூடத் தொட மாட்டா" என்றாள் டீச்சர் பெருமையாக. அதோடு விட்டுவிட்டாள். அவளுக்கு வேலை தலைக்கு மேல் கிடந்தது.

மறுநாளிலிருந்து பாடம் சூடுபிடித்தது. பச்சையில் போட்டால் கையில் நட்சத்திர ஸ்டிக்கர், கைதட்டல், ஒரு பாட்டு. சிவப்பில் போட்டால் ஒன்றும் கிடையாது, முதலிலிருந்து ஆரம்பம்.

கிளி போட்டோவைக் கவிழ்த்து வைத்தாள். மேசைக்கு அடியில் ஒளித்தாள். ஒருநாள் வாயில் போட்டு மென்றே விட்டாள்.

"அடிப்பாவி! பிடிவாதத்துல நீ பெரியவளா நான் பெரியவளா, பாத்துடலாம்" என்று டீச்சர் வேறொரு போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, மெல்ல முடியாதபடி லேமினேட் செய்து கொண்டுவந்தாள்.

வெள்ளிக்கிழமை கிளி அந்தப் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் டீச்சர் முகத்தையே பார்த்தாள். டீச்சர் பச்சைப் பெட்டியை அவள் பக்கம் கொஞ்சம் தள்ளிவைத்தாள். கிளி போட்டோவை அதில் போட்டாள்.

வகுப்பே கைதட்டியது. அன்று சாயங்காலம் கிளி கத்தவில்லை. சித்தப்பா கேட் பக்கத்தில் குனிந்து காதோரம் ஏதோ சொல்ல, கம்பியை விட்டுவிட்டுப் பேசாமல் பைக்கில் ஏறிக்கொண்டாள்.

ராத்திரி அம்மா போன் செய்தாள். "என் வயித்துல பால வார்த்தீங்க டீச்சர்! வேலை தப்பிச்சுது." டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வேலையில் இப்படி ஒரு நாள் வாய்ப்பது அபூர்வம்.

திங்கட்கிழமை காலை, முதல் வேலையாக போட்டோவை எடுத்து நீட்டினாள். "எங்க, என் தங்கம் இன்னொரு தடவை போட்டுக் காட்டட்டும்!"

கிளி தயங்கவே இல்லை. நேராகப் பச்சைப் பெட்டியில் போட்டாள்.

"சபாஷ்! கையை நீட்டு, ரெண்டு கைக்கும் ஸ்டிக்கர்."

கிளி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அவள் வாயிலிருந்து ஓர் ஆண்குரல் வந்தது. வாட்ச்மேன் குரல் இல்லை. "பரவால்ல டீச்சர்" என்ற அதே குரல், குழைவுதான் இல்லை.

"இன்னொரு தடவை கேட்ல நின்னு கத்துனே, அந்தக் கையிலயும் அயர்ன் பாக்ஸ வெச்சிடுவேன்."