கிணற்றுக்கு அங்கால

“அண்ணை, மதிலுக்கு நூலைக் கிணத்துக்கு அங்கால பிடிக்கட்டோ, இங்காலயோ?” என்று கேட்டான் மேசன் டெனிஸ்ரன். இதென்ன கேள்வி? வேலி நிற்கிற இடத்தில்தானே மதிலும் வரும். ஆனால் மார்க்கண்டருக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

கிணறு அவருடைய வளவுக்குள்தான் இருந்தது. ஊர்காவற்றுறையில் அந்த ஒழுங்கைக் கிணறுகள் முழுக்க உவர்; இது ஒன்றுதான் நல்ல தண்ணீர். மகள் கோபிகாவின் கலியாணத்துக்குள் மதில் எழும்பிவிட்டால், கிணறு இனி என்றைக்கும் அவர் பக்கம்.

அதுதான் நெஞ்சை அறுத்தது. கிணறு அவருடையதல்ல.

சின்ன வயதில் அது பக்கத்து வீட்டுப் பஸ்ரியாம்பிள்ளையின் வளவுக்குள் இருந்தது. மார்க்கண்டரின் அம்மா, அவர்கள் வீட்டுத் தண்ணீர் ஆகாதென்று அதை எட்டியும் பாராமல், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மன் கோயில் கிணற்றுக்கே நடப்பார். பிறகு சண்டை வந்தது, ஊரே இடம்பெயர்ந்தது. முதலில் திரும்பியது பஸ்ரியாம்பிள்ளை குடும்பம். அடுத்து அப்பாவும், நோயாளியாகிவிட்ட அம்மாவும். கடைசியாக மார்க்கண்டர் வந்து பார்த்தால், புது வேலி கிணற்றுக்கு அங்கால நின்றது.

வாங்கினது என்றார் அம்மா. அப்பா செத்த பிறகு பெட்டியைக் கிண்டினால், காணி உறுதிப் பத்திரமும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பா வேலியை அங்கால அரக்கி நட்டு அடுத்தவன் கிணற்றைப் பிடித்துவிட்டார் என்று மார்க்கண்டருக்கு விளங்கிப்போயிற்று. வெளியில் சொல்ல வெட்கம்.

பஸ்ரியாம்பிள்ளையோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாகும்வரை விடியக்காலையில் வேலிக்கு மேலால் மீன் நீட்டினார். அம்மாவின் செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டதும் அவர்தான். அவர் மனைவி றோஸ் இன்றைக்கும் வேலிப் பொட்டு இடைவெளிக்குள்ளால் குனிந்து வந்து தண்ணீர் அள்ளிப்போகிறார். தன் கிணற்றில் தண்ணீர் அள்ள ஒரு மனுசி குனிய வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

டெனிஸ்ரனை நிற்கச் சொல்லிவிட்டு, மார்க்கண்டர் அதே பொட்டுக்குள்ளால் குனிந்து அங்கால போனார். றோஸ் குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“றோஸக்கா, கிணறு உங்கட. அப்பா வேலியை அரக்கிப்போட்டார். தெரிஞ்சும் நான் வாய் திறக்கேல்லை. மதிலை இங்கால தள்ளிக் கட்டுறன், கிணத்தை நீங்களே வைச்சிருங்கோ.”

றோஸ் கத்தியைக் கீழே வைத்தார்.

“அந்த வேலி நட்டது என்ர மனிசன், தம்பி. ‘வாங்கினதெண்டு அம்மாவிட்டைச் சொல்லுங்கோ’ எண்டு உங்கட அப்பாவுக்குச் சொல்லிக் குடுத்ததும் அவர்தான்.”

மார்க்கண்டருக்கு நம்ப ஏலவில்லை. நல்ல தண்ணீர்க் கிணற்றை யாராவது தன் கையாலேயே வேலிக்கு வெளியில் விடுவார்களா? ஏன் என்று கேட்டார்.

கோயில் கிணறு அப்போது இடிந்து தூர்ந்து கிடந்ததாம். அம்மாவுக்கு எழும்பி நடக்கவும் ஏலாதாம். சொல்லிவிட்டு றோஸ் திரும்பக் கத்தியை எடுத்தார்.

“எங்கட கிணறெண்டால் அம்மா குடிப்பாவோ, தம்பி?”