அரைப்பேர்

"மூணு வாரமாச்சு. ஆள் இன்னும் கடைசி வாங்குல சுவரோட ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு" என்றார் கேகாலைப் பள்ளிக்கூட அதிபர்.

"பயம் சேர். தேயிலைத் தோட்டத்துல அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் பள்ளிக்கூடம். டவுன் பழக்கமில்ல" என்றாள் சுகந்தினி.

"கணக்கு டீச்சர் பிரம்பை எடுத்தா முதல் அழுகை அந்த மூலையிலதான்."

"வீட்டுல சொல்லிப் பாத்தாச்சு சேர்."

"இன்னைக்குச் சரியாகலன்னா பேரை வெட்டிருவேன்."

சுகந்தினி இரட்டைப் பின்னலும் வெள்ளைக் கவுனுமாக ஆறாம் வகுப்புக்குள் ஓடினாள். கடைசி வாங்கில் சோற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்த மூக்கையாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, வீட்டுக்குப் போங்க. என் பேரைக் காலையிலயே போட்டாச்சு."

மூக்கையா அசையவில்லை. "தோட்டத்துலயும் கணக்கப்பிள்ளை காலையில பேரைப் போடுவான். நாம அந்தப் பக்கம் திரும்புனா அரைப்பேராக்கி, அரைநாள் கூலிதான் குடுப்பான். டவுன்காரன் மட்டும் யோக்கியனா?"

"இங்க அரைப்பேரே கிடையாதுப்பா!"

"நெசமா டீச்சர்?"

கணக்கு டீச்சர் பிள்ளையார் மேல் சத்தியம் செய்தார். மூக்கையா எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"நானும் மூணு வாரம் வந்திருக்கேன். எனக்கும் முழுப்பேராப் போட்டுருங்க."